மூன்றாவது காய்ச்சல்

சீட்டில் மலேரியா என்றுதான் எழுதியிருந்தது.
ஒரு கேள்விக்குறிகூட இல்லை.
டொடோமாவிலிருந்து மூன்று மணி நேரச் செம்மண் சாலை
கடந்து வரும் எங்கள் ஆஸ்பத்திரியில்
மழைக்காலக் காய்ச்சல் எல்லாவற்றுக்கும்
அது ஒன்றுதான் பெயர்.

நியேமோ சிலொங்கானி, வயது இருபத்து மூன்று.
வயிற்றில் முப்பத்திரண்டு வாரம்.
மூன்று நாள் கொதித்தாள்,
ஒரு வாரம் ஒன்றுமில்லை,
மறுபடி கொதித்தாள்.
இரண்டு முறையும் மாத்திரை கொடுத்தோம்.
இரண்டு முறையும் காய்ச்சல் தானாகத்தான் விட்டது,
நல்ல பெயர் மாத்திரைக்குப் போனது.

மூன்றாம் முறை இரத்தம் என் மேசைக்கு வந்தபோது
ஜெனரேட்டரில் ஒரு மணி நேர டீசல் மிச்சம்.
சாயம் காய்வதற்குள் அவசரப்பட்டு
கண்ணை வைத்தேன்.

மலேரியா இல்லை.
செல்களுக்கு நடுவே ஊதாநிறச் சுருள்கள்.
மை வருகிறதா என்று
காகித ஓரத்தில் பேனாவைக் கிறுக்கிப் பார்த்ததுபோல
அங்கங்கே, அலட்சியமாக.
ஒரு புலத்துக்கு ஏழு. அடுத்ததில் பதினொன்று.
அதற்குமேல் எண்ணவில்லை.

பபாசி.
இங்கே குழந்தைக்கும் தெரியும் அந்த உண்ணியை.
மண்தரை வெடிப்பில் பகலெல்லாம் கிடக்கும்,
ஆண்டுக்கணக்கில் பட்டினி தாங்கும்.
விளக்கணைந்தால் வந்து
வலிக்காமல் அரை மணி நேரம் குடித்துவிட்டு
வந்த வழியே போய்விடும்.
தடயம் என்று ஒரு சிவந்த புள்ளி,
அதையும் கொசு என்றுவிடலாம்.

ஆறு வருடம் தாரெஸ்ஸலாமில் இருந்தவள்.
சிமெண்டுத் தரை, ரயில்வே குடியிருப்பு,
கணவன் கெட்மோன் எஞ்சின் பழுதுபார்ப்பவன்.
தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள்.
அந்தத் தரையில்தான் பிறந்தாள், தவழ்ந்தாள்,
சின்ன வயதில் அதே உண்ணிகளுக்கு இரத்தம் கொடுத்து
உடம்பைப் பழக்கியும் வைத்திருந்தாள்.
ஆறு வருடத்தில் உடம்பு அதை மறந்துவிட்டது.
தரை எதையும் மறக்கவில்லை.

அவள் அம்மா ஜன்னலில் நின்றாள்.
பார்க்க வேண்டும் என்றாள்.
விதிப்படி கூடாது. கதவைத் திறந்தேன்.
எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல்
இரண்டையும் மூடினாள் முதலில்.
பிறகு வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.
"இவ்வளவுதானா?" என்றாள்.
பிறகு, என்னிடம் இல்லை, கண்ணாடிக்குள்ளே:
"குளிர்ச்சியான மூலை பார்த்துத்தான்
பாய் விரித்தேன்."
அதே அறையில்தான் அவளும் படுக்கிறாள்.
அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

பென்சிலின் ஏறிய இரண்டாம் மணி
காய்ச்சல் இறங்கவில்லை, ஏறியது.
எதிர்பார்த்ததுதான். சுருள்கள் கூட்டமாகச் சாகும்போது
வீட்டைக் கொளுத்திவிட்டுத்தான் சாகும்.
படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன்.
கட்டில் கால்கள் தரையில் தடதடவென்று ஆடுவதைக்
கேட்டதில்லை அதுவரை.
நர்ஸ் வெந்தோ ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள்.
விடியுமுன் வலி கண்டது.

பெண். ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல்.
அழுதது என்றார்கள்;
எனக்குக் கேட்டது ஆனைப்புளிய மரத்துப் பறவையோ என்னவோ.
நியேமோ உடம்பு வியர்த்து, குளிர்ந்து,
தண்ணீர் கேட்டாள்.
இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

குழந்தையின் குதிகாலில் ஒரு துளி எடுத்து
வெந்தோவே கொண்டு வந்தாள்.
கண்ணாடித் துண்டின் ஓரத்தில் பெயர் எழுத வேண்டும்.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
நியேமோவின் மகள் என்று எழுதப் போனேன்,
பேனா எழுதவில்லை.
பதிவேட்டு ஓரத்தில் கிறுக்கத் தொடங்கி
ஒரு சுழி, இரண்டு சுழி,
மூன்றாவதில் கை நின்றது.

பேனாவை வைத்துவிட்டுப்
பென்சிலை எடுத்தேன்.